எழும்பூரும் சென்ட்ரலும்

கேள்வி: எழும்பூரில் இறங்கி, டெல்லி வண்டியைப் பிடிக்க சென்ட்ரலுக்கு 300 ரூபாய் ஆட்டோவுக்கு அழுதேன். ஒரே ஊரில் எதற்கு இரண்டு பெரிய ஸ்டேஷன்? வெள்ளைக்காரனுக்கு ஒன்றாகக் கட்டத் தெரியாதா?
– வாசகர் ஒருவர், சங்கரன்கோவில்

பதில்: கட்டியது ஒரு வெள்ளைக்காரன் இல்லை, இரண்டு கம்பெனி. 1873-ல் வந்த சென்ட்ரல் மெட்ராஸ் ரயில்வேயுடையது. அகலப்பாதை, தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி. 1908-ல் திறந்த எழும்பூர் தென்னிந்திய ரயில்வேயுடையது, மீட்டர் கேஜ், அதாவது நடுவே ஒரு மீட்டர்தான். மதுரையிலிருந்து வந்த பெட்டி சென்ட்ரலுக்குள் நுழைய ஆசைப்பட்டாலும் சக்கரம் தண்டவாளத்தில் உட்காராது. உங்கள் தாத்தாவும் இதே போல மூட்டை முடிச்சோடு இறங்கித்தான் ஊரைக் கடந்திருப்பார்.

சரி, இப்போது எழும்பூரிலும் அகலப்பாதைதானே என்பீர்கள். ஆனால் சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து. உள்ளே போன வண்டி வந்த வழியேதான் வெளியே வர வேண்டும். தெற்கு வண்டிகளையெல்லாம் அங்கே திருப்பிவிட்டால் நிற்க இடம் இருக்காது.

இதெல்லாம் ரயில்வேயின் கதை. அந்த 300 ரூபாய் உங்கள் கதை. எழும்பூரில் கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பூங்கா. இறங்கி சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்து மேலே ஏறினால், சென்ட்ரலின் சிவப்பு மணிக்கூண்டு எதிரே நிற்கும். மெட்ரோவிலும் 2018 முதல் அடுத்த ஸ்டேஷன்தான். ஆட்டோக்காரரிடம் நீங்கள் பேரம் பேசி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

உங்களையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. சென்ட்ரலைச் சுற்றி வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். புறநகர் ரயில் முனையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம். அந்த மார்க்கெட்டோ 1985-லேயே எரிந்துவிட்டது. எதிரே பூங்கா. அதற்குப் பக்கத்தில், பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர். சங்கரன்கோவில்காரருக்கு ‘பூங்கா’ என்றால் சென்ட்ரல் என்று எப்படித் தெரியும்? அகலப்பாதை போட்டு ஊரையே இணைத்தவர்கள், பெயர்ப்பலகையில் ‘சென்ட்ரலுக்கு இங்கே இறங்கவும்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் தண்டவாளம் தேய்ந்தா போகும்?

அப்புறம் ஒன்று. ஊர் திரும்பும்போது பூங்காவில் தாம்பரம் பக்கம் போகிற வண்டியில் ஏறுங்கள். எதிர்ப்பக்கம் ஏறினால் அடுத்து வருவது கோட்டை. எழும்பூர் வண்டியையும் கோட்டை விட்டுவிடுவீர்கள்.