உதடு ஒட்டவில்லை என்றொரு புகார்

சார், வணக்கம்.

இந்த விடுமுறையில் த்ரில்லரும் வெஸ்டர்னுமாகப் பார்த்துத் தள்ளினேன். ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ மூச்சுவிட விடவில்லை. ஆனால் ‘த குட், த பேட் அண்ட் த அக்லி’யில் யாருடைய வாயும் பேச்சோடு ஒட்டவில்லை. நடுவில் நாயகன் ஈஸ்ட்வுட்டின் குரலே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்’ தொடக்கத்தில் மூன்று பேர் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள், வேறு ஒன்றுமே நடக்கவில்லை. 1.5 வேகத்தில் வைத்துத்தான் முடித்தேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை உறுத்தியதால் டிவியில் ஜூம் செய்துகொண்டேன். த்ரில்லரின் விறுவிறுப்பு வெஸ்டர்னில் ஏன் இல்லை? அடுத்து எதைப் பார்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் இரண்டு வெஸ்டர்ன்களையும், அதாவது கௌபாய் படங்களையும், இயக்கிய செர்ஜியோ லியோனேவின் படங்களின் ஒலியைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. ‘வாய் பேச்சோடு ஒட்டவில்லை’ என்ற வரியை விட்டு நகர முடியவில்லை.

உங்களுக்கு நல்ல கண், நல்ல காது. ஈஸ்ட்வுட்டின் குரல் மாறியதைப் பிடித்திருக்கிறீர்களே, பலருக்கு அது தெரிவதில்லை. நீங்கள் பார்த்தது 179 நிமிடப் பதிப்பு. பழைய ஆங்கிலப் பதிப்பு 161 நிமிடம்தான். இத்தாலியப் பதிப்பில் மட்டும் இருந்த காட்சிகளை 2000-களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் சேர்த்தபோது, எழுபதைக் கடந்த ஈஸ்ட்வுட்டும் உடன் நடித்த ஈலை வாலக்கும் மறுபடி டப்பிங் பேசினார்கள். மூன்றாவது நடிகரான லீ வான் கிளீஃப் 1989-லேயே இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். 161 நிமிடப் பதிப்பைத் தேடிப் பாருங்கள், இந்த உறுத்தல் இருக்காது.

வாய் ஒட்டாதது மட்டும் அதிலும் இருக்கும், இத்தாலியப் பதிப்பிலும் இருக்கும். அக்கால இத்தாலிய சினிமாவில் படப்பிடிப்புத் தளத்தில் பதிவாகும் ஒலியைப் படத்தில் வைக்க மாட்டார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரே நிற்பவர் இத்தாலியனிலோ ஸ்பானிஷிலோ பதில் சொல்வார். எல்லாரும் பிறகு ஸ்டூடியோவில் டப்பிங் பேசுவார்கள். ஈஸ்ட்வுட் தன் பாத்திரத்துக்குத் தானே குரல் கொடுத்ததும் அப்படித்தான். இதைக் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறையால் என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

தளத்திலேயே ஒலி எடுத்தால் மைக் நடிகரின் வாயருகே இருக்கும். வசனம் தெளிவாகக் கிடைக்கும். கூடவே காற்று, கேமராவின் உறுமல், குதிரைச் சத்தம் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. லியோனேவுக்கோ எடிட்டிங் மேஜைக்கு வரும்போது படம் ஊமை. ஒரு சத்தம் கேட்க வேண்டுமென்றால் யாராவது அதை முடிவுசெய்து, தனியே பதிவுசெய்து, அளவு பார்த்து வைக்க வேண்டும். வேண்டாததை நீக்கும் வேலையே இல்லை, வேண்டியதைச் சேர்க்கும் வேலைதான்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நீங்கள் எழுதிய ரயில் நிலையத்துக்கு இப்போது வாருங்கள். எண்ணெய் காணாத காற்றாலை கிறீச்சிடுகிறது. தந்திக் கருவி தட்டிக்கொண்டே இருக்கிறது, காத்திருக்கும் மூவரில் ஒருவரான ஜாக் ஈலாம் அதன் கம்பியைப் பிடுங்குகிறார். அது நின்ற பிறகுதான் மற்ற ஓசைகளுக்கு இடம் கிடைக்கிறது. வூடி ஸ்ட்ரோடின் மொட்டைத் தலையில் நீர் சொட்டுகிறது. அவர் தொப்பியை மாட்டிக்கொள்கிறார், சொட்டின் ஒலி மாறுகிறது. அல் முலோக் விரல்களைச் சொடுக்குகிறார். ஈலாமின் தாடி முளையில் ஓர் ஈ ஊர்கிறது. அவர் அதைத் துப்பாக்கிக் குழாய்க்குள் அடைத்து, உள்ளே அது முரல்வதைக் கேட்டுச் சிரிக்கிறார். பின்னணி இசை என்று ஒன்றும் கிடையாது. ரயில் வந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிட்டுப் போன பிறகு ஹார்மோனிகா. படத்தில் முதன்முதலாக வரும் வாத்திய ஒலி அதுதான், அதையும் ஒரு பாத்திரமே வாசிக்கிறது.

இது மோனோ ஒலி. எல்லாம் ஒரே ஸ்பீக்கர் புள்ளியிலிருந்து வரும். இரண்டு சத்தங்களை ஒரே அளவில் வைத்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முறை கொடுக்க வேண்டும். அந்த முறைதான் அங்கே கதை.

இதைப் போய் 1.5 வேகத்தில் ஓட்டியிருக்கிறீர்கள். கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். குரல் கீச்சென்று ஆகாமலிருக்க மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இடையில் உள்ளதைக் கழித்து ஒட்டுகிறது. பேச்சுக்கு அது பரவாயில்லை. சொட்டுக்கும் கிறீச்சுக்கும் அது ஆகாது, விளிம்பு மழுங்கிவிடும். 3 விநாடி மௌனம் 2 ஆகிவிடும். அடுத்த சொட்டு எப்போது என்று காது காத்திருந்தால்தான் பயம் பிடிக்கும். காத்திருக்க அவகாசம் கொடுக்காமல், பயம் வரவில்லை என்று படத்தின் மேல் பழி போடுகிறீர்கள்.

ஜூமும் அப்படித்தான். இரண்டு படங்களும் டெக்னிஸ்கோப் என்ற பிலிம் முறையில் எடுத்தவை, அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. வழக்கமாக ஒரு ஃப்ரேமுக்கு பிலிம் 4 ஓரத்துளை அளவு நகரும், இதில் 2 துளைதான். 1000 அடி பிலிம் 11 நிமிடத்துக்குப் பதில் 22 நிமிடம் ஓடும். அகலத்திரைக்காக அமுக்கும் லென்ஸ் தேவையில்லை, சாதாரண லென்ஸ் போதும். அதைக் கொண்டு முகத்துக்கு மிக அருகே போகலாம், ஃபோகஸும் நிற்கும். அந்தக் கண்களின் க்ளோசப் இப்படித்தான் சாத்தியமானது. 16:9 டிவியை நிரப்ப ஜூம் செய்தால் ஃப்ரேமில் ஏறக்குறைய 24 சதவீதம் போய்விடும். ‘த குட், த பேட்…’டில் மூவர் எதிரெதிரே நிற்கும் கல்லறைக் காட்சியில் ஓரத்தில் நிற்பவரை வெட்டிவிட்டு என்னத்தைப் பார்ப்பது?

டிவியில் படத்தின் அளவை ‘ஒரிஜினல்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’டில் வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். எல்ஜியில் அதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. ஆட்டோ வால்யூம், இரவு மோட் இரண்டும் வேண்டாம். அவை நீர்ச்சொட்டின் ஒலியை உயர்த்தி வேட்டொலியைத் தாழ்த்திவிடும். மோனோ டிராக் இருந்தால் அதையே எடுங்கள். ‘த குட், த பேட்…’டின் 5.1 (பல ஸ்பீக்கர்) கலவையில் பழைய துப்பாக்கிச் சத்தங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வைத்துவிட்டார்கள்.

த்ரில்லர் வேகம், வெஸ்டர்ன் மந்தம் என்ற கணக்கை விடுங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த கோயன் சகோதரர்களின் ‘நோ கன்ட்ரி…’ படத்தில், ஹோட்டல் அறையில் என்ன இருக்கிறது? கீழே யாரும் எடுக்காத தொலைபேசி மணி, நடைபாதையில் காலடி, கதவிடுக்கில் நிழல், அணையும் விளக்கு. அங்கேயும் இசை கிடையாது. அதை 1.5-ல் பார்க்கவில்லை அல்லவா?

அடுத்து என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஃப்ரெட் ஜின்னமானின் ‘ஹை நூன்’, 1952. 85 நிமிடம்தான். கதை நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. பழைய சதுர ஃப்ரேம் என்பதால் கறுப்புப் பட்டை இம்முறை இடமும் வலமும் வரும். அதையும் ஜூம் செய்துவிடாதீர்கள். மேலும் கீழும் வெட்டுப்படும், அந்தப் படத்தில் சுவர்க்கடிகாரங்களைப் பார்த்தாக வேண்டும்.

அன்புடன்.