பி.எம்.ஐ. உறுப்பினர் கட்டணம்: இப்போதே கட்டலாமா?

பி.இ. முடித்து, சென்னையில் டீம் லீடாக இரண்டு வருடம் புராஜெக்ட் நடத்தியிருக்கிறீர்கள், புராஜெக்ட் மேலாளர்களுக்கான சர்வதேச அமைப்பான பி.எம்.ஐ.யில் (Project Management Institute) உடனே சேர்ந்தால், அது தரும் பி.எம்.பி. (Project Management Professional) சான்றிதழ் வாங்க உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், கொஞ்சம் பொறுங்கள்.

உறுப்பினர் ஆவது வேறு, சான்றிதழ் வேறு. பணம் கட்டினால் யாரும் உறுப்பினர் ஆகலாம். பி.எம்.பி. தேர்வுக்கோ, உங்களைப் போன்ற நான்காண்டுப் பட்டதாரிக்கு புராஜெக்ட் நடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேர புராஜெக்ட் மேலாண்மைப் பயிற்சியும் வேண்டும். உறுப்பினர் கட்டணம் ஆண்டுச் சந்தா. இப்போது கட்டினால் தேர்வு நேரத்தில் மறுபடி கட்ட வேண்டிவரும்.

உறுப்பினரானால், புராஜெக்ட் மேலாண்மைக்கு பி.எம்.ஐ. வெளியிடும் பிஎம்பாக் (PMBOK) கையேட்டின் பி.டி.எஃப். இலவசமாகக் கிடைக்கும், சரி. ஆனால் சேர்வதற்குப் பெரிய காரணம் தேர்வுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான். அதனால் தேர்வுக்குத் தயாரானதும் முதலில் சேருங்கள், பி.எம்.ஐ. இணையதளத்தில் உங்கள் கணக்கில் உறுப்பினர் என்று காட்டுகிறதா பாருங்கள், அப்புறம் தேர்வுக்குக் கட்டுங்கள். பி.எம்.ஐ.யின் சென்னைக் கிளையில் சேரத் தனிக் கட்டணம், அது அவசரமில்லை.

அதுவரை ஒரு எக்செல்லில் ஒவ்வொரு புராஜெக்ட்டும் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, மேலாளர் யார், அவர் மின்னஞ்சல் என்ன என்று குறித்து வையுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு புராஜெக்ட் ஓடினாலும் ஒரு மாதமாகத்தான் கணக்கு. விண்ணப்பத்தைத் தணிக்கைக்கு எடுத்தால் அந்த மேலாளரிடம்தான் உறுதி கேட்பார்கள்; கம்பெனி மாறிப் போனவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.