மச்சானோடு ஆடிய ஆட்டத்தில் என்ன படிப்பது?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகு வேலை. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மச்சானோடு செஸ்தான். பாதி அவர் ஜெயிப்பார், பாதி நான். ஆட்டத்தை எழுதிவைத்து போனில் செஸ் ஆப்பில் போட்டால் கடைசி வரை 'சமம்' என்றே காட்டி, திடீரென்று ஒரு இடத்தில் 'பெருந்தவறு' என்கிறது. இதில் என்ன படிக்க?

பதில்: போனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மச்சானைக் கேளுங்கள். 'சமம்' என்றால் இருவருக்கும் ஒரே அளவு கஷ்டம் என்று அர்த்தமில்லை. 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் நம்ம குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் 13 ஆட்டம் முடிவில் 6.5-6.5 புள்ளி. கடைசி ஆட்டத்தில் ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிரா ஆகவேண்டிய நிலைதான். ஆனால் குகேஷ் சும்மா நகர்த்திக்கொண்டே இருக்கலாம், டிங் ஒவ்வொரு தடவையும் சரியாகப் பதில் சொல்லியாக வேண்டும். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். யானைகள் வெட்டுப்பட்டன, ஏ8 மூலையில் இருந்த அவர் பிஷப்புக்கு எதிரில் குகேஷ் தன் பிஷப்பை டி5-ல் நிறுத்த, மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும், அதில் டிங்குக்குத் தோல்வி. போன் எஃப்2-ஐ மட்டும் சிவப்பாகக் காட்டும். அந்த பிஷப் மூலைக்கு ஏன் போனது, அதுவரை யார் யாரைத் துரத்தினார்கள் என்பதெல்லாம் நாம்தான் பார்க்கணும்.

அதனால் நகர்த்தல் பக்கத்தில் 'இங்கே எதற்குப் பயந்தேன்' என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள், மச்சானும் தனியாக எழுதட்டும். நீங்கள் குதிரைக்குப் பயந்த இடத்தில் அவர் அந்தக் குதிரையை நினைத்தே பார்க்கவில்லை என்றால் அங்கேதான் படிக்க விஷயம் இருக்கிறது. போனை அந்த இடத்துக்கு மட்டும் கேட்டால் போதும்.

அப்புறம், சமபலத்தில் ஒரு ஆள் கையோடு கிடைப்பது பெரிய வசதி, பலருக்கு அமைவதில்லை. அந்த இடத்தில் காய்கள் இருந்த நிலையை அப்படியே அடுக்கி நாலைந்து தடவை ஆடுங்கள், ஒவ்வொரு தடவையும் பக்கம் மாறி. யார் பிடித்தாலும் கறுப்பே தோற்றால் கோளாறு நிலையில்; எந்தப் பக்கம் பிடித்தாலும் நீங்களே தோற்றால் கோளாறு உங்களிடம். இந்தச் சோதனை பெரிய ஆட்டக்காரரோடு ஆடினால் வேலைக்காகாது, எந்தப் பக்கம் கொடுத்தாலும் அவர்தானே ஜெயிப்பார்.

அந்த ஆட்டங்களுக்கு டீ பந்தயம் மட்டும் வேண்டாம். காசு போகும் என்றால் மச்சான் எதற்குப் பயந்தார் என்று வாயைத் திறக்கமாட்டார்.