பழைய பிக்கப், பெரிய கிலோமீட்டர்: கேள்வி பதில்

டீசல் அல்லது பெட்ரோல், மேனுவல் கியர், பின்னால் லீஃப் ஸ்பிரிங் உள்ள வண்டிகள் என்றால் விரிவாகச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கேஸ் கிட் பற்றி அதில் வேலை செய்பவரிடம் கேளுங்கள். எதைக் கேட்பதானாலும் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துச் சேஸிஸைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: 2,80,000 ஓடிய டீசல் பிக்கப் விலைக்கு வந்திருக்கு சார். எஞ்சின் சுத்தம், புகையே இல்லை. வாங்கலாமா?

ப: எஞ்சினைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். எஞ்சின் போனால் இறக்கி வேலை பார்க்கலாம். சேஸிஸ் போனால் வண்டியே போச்சு. ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பின் ஸ்பிரிங் ஷாக்கிள் (ஸ்பிரிங் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் கண்ணி) மாட்டும் இடம், கேபினைத் தாங்கும் பிராக்கெட், சாமான் பெட்டிக்கு அடியில் வரும் குறுக்குச் சட்டம், இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ உள்பக்கத்திலிருந்து அரித்திருக்கிறது. பிரேக் பைப் கிளிப்புக்குப் பின்னாலும் விரலை விட்டுத் தடவுங்கள்.

அடியில் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். துருவின் மேல் ரப்பர் பூச்சு அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் வேகமாக அரிக்கும். முறைப்படி கம்பி பிரஷ், துரு மாற்றித் திரவம், துத்தநாக பிரைமர், பெயின்ட். மூடிய சட்டத்துக்குள் மெழுகு ஸ்பிரே. வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும்.

எஞ்சினுக்கு ஒரே சோதனை: ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடேறியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக மூச்சு வரலாம். விட்டுவிட்டுக் குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

கே: எந்தக் கம்பெனி எஞ்சின் ஆயில் நல்லது?

ப: கம்பெனி முக்கியமில்லை. கையேட்டில் உள்ள கிரேடு, பழைய டீசலுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40. ஆயிலோடு ஃபில்டரும் ஒவ்வொரு தடவையும் மாற வேண்டும். பாரம் ஏற்றும் வண்டி, தூசிப் பாதை என்றால் கையேடு சொல்லும் இடைவெளியில் பாதி.

கே: அண்ணே, வண்டி மேட்டில் ஏறும்போது சூடாகுது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா சரியாயிடும்னு சொல்றார். செய்யலாமா?

ப: வேண்டாம் தம்பி. எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடினால் எஞ்சின் சூடேற வெகுநேரம் ஆகும். எரியாத எரிபொருளும் நீராவியும் ஆயிலில் கலந்து கசடாகும், சிலிண்டர் தேயும். மேட்டில் மட்டும் சூடு என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு. நிற்கும்போது மட்டும் சூடு என்றால் ஃபேன், அதன் கிளட்ச். காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. ரேடியேட்டர் மூடியையும் மாற்றிப் பாருங்கள். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் 100லேயே கொதித்து வெளியே தள்ளும்.

கே: மன்னிக்கணும், ஒத்துக்க மாட்டேன். வெயில் ஊர்ல எல்லா லாரியிலும் கழற்றித்தான் ஓட்டறாங்க. தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரனுக்கு.

ப: வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். உள்ளே 80, 90 வேண்டும்.

கே: நானும் உங்க கட்சிதான் சார். தெர்மோஸ்டாட் இல்லேன்னா தண்ணி வேகமா ஓடிடும், ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது. அதான் சூடாகுது.

ப: கட்சி சரி, காரணம் தப்பு. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பமும் கூடத்தான் செய்யும். உண்மையான சிக்கல் பைபாஸ். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல் வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த்தட்டு பைபாஸ் வழியை மூடும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பாரத்தோடு மேடேறும்போது சூடு கூடும், குறையாது.

கே: எங்க வண்டிகள்ல சூடு குறைஞ்சுதே! பொய்யா சொல்றோம்?

ப: பொய் இல்லை. மாட்டிக்கொண்டு திறக்காமல் கிடந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் குறையத்தான் செய்யும். புதிது போட்டிருந்தாலும் குறைந்திருக்கும். கழற்றியதைப் பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் குப்பை.

கே: கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் ஒரே ஆயில் ஊத்தலாமா?

ப: வாங்கும் வேலை மிச்சம் என்று ஊற்றாதீர்கள். டிஃபரென்ஷியலில் (பின் ஆக்ஸில் நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டி) பல் மேல் பல் சறுக்கி உரசும், ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் தேவை. அதில் அதிகமாக உள்ள கந்தகச் சேர்மானம் பழைய கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை (கியர் உரசாமல் மாற உதவுபவை) அரிக்கக்கூடும். கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 மட்டும். இன்னொன்று: வடிக்கும் நட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் நட்டு கழலுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வடித்தபின் மேல் நட்டு துருப்பிடித்து அசையாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

கே: பின் ஆக்ஸில் ஆயில் சீல் மூணாவது முறையா ஒழுகுது. மட்டமான சீலா?

ப: சீலைத் திட்டாதீர்கள். ஆக்ஸில் குழல் மேல் விரல்நுனி அளவில் ஒரு மூச்சுத்துளை வால்வு இருக்கும். சேற்றில் அது அடைத்திருக்கும். ஆயில் சூடானதும் உள்காற்று விரிந்து சீல் வழியே வெளியே தள்ளும். கழற்றி டீசலில் கழுவுங்கள், ஊதினால் காற்று போக வேண்டும். அங்கே போகும்போது சேஸிஸையும் ஒரு பார்வை.

கே: எந்த ஆயில் ஊற்றினால் எஞ்சின் அதிக நாள் வரும்?

ப: மேலே சொல்லியாயிற்று.

கே: 22ஆர்ஈ பெட்ரோல் எஞ்சின், பழைய ஹைலக்ஸ். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் முன்பக்கம் கடகடன்னு சத்தம், கொஞ்ச நேரத்தில் நின்னுடுது.

ப: இதைத் தள்ளிப்போடாதீர்கள். அது ஒற்றை வரிசை டைமிங் செயின், கிராங்கோடு சேர்த்து வால்வுகளை ஓட்டும் சங்கிலி. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். செயின் தளர்ந்து டைமிங் கவரை உள்ளிருந்து அறுக்கும். அந்தச் சுவரின் மறுபக்கம் கூலன்ட். ஓட்டை விழுந்தால் கூலன்ட் நேராக ஆயிலில் இறங்கும், பேரிங் போகும். வால்வு கவரைக் கழற்றி டார்ச் அடித்துக் கைடைப் பாருங்கள். மாற்றும்போது செயின், பற்சக்கரங்கள், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து, இரும்பு முதுகு வைத்த கைடு போடுங்கள். கவரில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும்.

கே: டைமிங் பெல்ட் 1,20,000 ஆச்சு, பார்க்க நல்லாத்தான் இருக்கு.

ப: பெல்ட் அறுவதற்கு முந்தின நாளும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மாற்றுங்கள். டென்ஷனர், ஐட்லர், முன் சீல்கள் சேர்த்து. மாட்டியபின் கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகிறதா பாருங்கள்.

கே: பேட்டரி புதுசு, ஆனா செல்ஃப் சோர்வா சுத்துது.

ப: மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனை பேட்டரி நெகடிவ் முள்ளில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் துரு. பாஸிடிவ் பக்கமும் பேட்டரி முள்ளிலிருந்து ஸ்டார்ட்டர் முனை வரை இதேபோல் பாருங்கள். இரண்டும் சரி என்றால்தான் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம்.

கே: ஆயிலில் கலக்கும் டானிக் போட்டா 5 லட்சம் ஓடுமா? எந்த ஆயிலோட கலக்கணும்?

ப: டானிக் வேண்டாம். எந்த ஆயில் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

கே: லாரி கட்சிக்காரன்தான். பாத்திரத்துல போட்டுப் பார்த்தேன். தண்ணி கொதிச்சும் திறக்கலை.

ப: நல்லது, புதிது போடுங்கள். சின்னக் காற்றுக் குமிழ் வால்வு மேல்பக்கம் வரட்டும். பழைய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. வெறும் குழாய்த் தண்ணீர் என்றால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். வண்டியின் மூக்கு மேடேறி நிற்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் சூடாகிக் குமிழ் நின்றபின் நிரப்பி மூடுங்கள். மறுநாள் ஆறியபின் மட்டம் இறங்கியிருக்கும், மறுபடி நிரப்புங்கள்.