வாசகர் கேள்வி பதில்: ஓட்டல் சோறு ஓசியா?

கேள்வி: அண்ணே, தாராபுரம் பக்கம் ரெண்டு ஏக்கர் தோட்டம் இருக்கு. வெண்பன்றி பத்து குட்டி வாங்கி விடலாம்னு யோசனை. விக்கிற வரைக்கும் ஒரு குட்டிக்கு என்ன செலவு ஆகும்? ஓட்டல் சோறு ஓசியில தர்றாங்க, அது மட்டும் போட்டா போதாதா?

பதில்: தம்பி, கொட்டகை போடுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுத்து உக்காருங்க. பன்னி வளர்ப்புல செலவுல பெரும்பங்கு, கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு, தீவனம்தான். ரெண்டு மாசக் குட்டி 12 கிலோ இருக்குன்னு வைங்க, அது 90 கிலோ ஆகணும்னா 78 கிலோ ஏறணும், ஒரு கிலோ ஏற சுமாரா மூணரை கிலோ தீவனம் திங்கும், ஆக 273 கிலோ. தீவனம் கிலோ 30 ரூபான்னு போட்டா 8,190 ஆச்சு. குட்டி வெலை 4,000, மருந்து கரண்டு 500. மொத்தம் 12,690. 90ஆல வகுத்தா உயிர் எடை கிலோவுக்கு 141 ரூபா உங்க அசல். இதுல உங்க கூலியும் இல்ல, கொட்டகைச் செலவும் இல்ல. வெலையெல்லாம் கணக்குக்காக நான் போட்டது, உங்க ஊர் வெலையை வச்சு மறுபடி போடுங்க. வியாபாரி கேக்குற ரேட்டு அசலுக்குக் கீழ இருந்தா குட்டியே வாங்காதீங்க.

தீவனத்தை நீங்களே கலந்தா கொஞ்சம் மிச்சம். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 55, தவிடு 22, சோயாவும் கடலையுமா புண்ணாக்கு 20, தாது உப்பு ரெண்டரை, சாதா உப்பு அரை கிலோ. பூசணம் புடிச்ச கடலைப்புண்ணாக்கு மலிவா கெடைக்குதேன்னு வாங்கிறாதீங்க, அந்த நஞ்சு ஈரலைத் தின்னுரும்.

இப்ப ஓட்டல் சோறு. அதுல முக்கால்வாசி தண்ணிதான், ஒரு கிலோ தீவனத்துக்கு ஈடா நாலஞ்சு கிலோ அள்ளிட்டு வரணும், வண்டிக்கு பெட்ரோல், வேக வைக்க வெறகு, டிரம், தெனமும் ஒரு ஆள் வேலை, இதெல்லாம் ஓசியா? வேக வைக்காமப் போடவே கூடாது. எச்சில் எலையோட வர்ற கறித்துண்டுல பன்னிக் காய்ச்சல் வரும், அதுலயும் ஆப்பிரிக்க பன்னிக் காய்ச்சலுக்கு இங்க தடுப்பூசி கெடையாது, 2020ல அசாம்ல வந்துச்சு, 2022ல வயநாடு வரைக்கும் வந்து பண்ணைகள்ல உள்ளதையெல்லாம் கொல்ல வேண்டியதாப் போச்சு. சாதா பன்னிக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கு, ரெண்டு மாசத்துல போட்டுருங்க. இன்னொன்னு, ஊறுகா சாம்பார்னு உப்பு ஏறுன சோத்தைத் தின்னுட்டு குடிக்கத் தண்ணி இல்லாமப் போனா உப்பு நஞ்சாகி வலிப்பு வந்து சாகும். பாலிதீன் கவரைப் பொறுக்குறது தனி வேலை. சோத்தைப் பாதியாவும் கலப்புத் தீவனத்தைப் பாதியாவும் போடுறவங்கதான் தப்பிச்சிருக்காங்க.

கேள்வி: பன்னி 120 கிலோ வர்ற வரைக்கும் எங்க அண்ணன் விக்க விட மாட்டேங்குறார். கிறிஸ்துமஸுக்கு கேரளாவுக்கு ஏத்துனா நல்ல வெலைங்கிறார். சரியா?

பதில்: 90, 100 தாண்டினா பன்னி கறியை விட கொழுப்பைத்தான் ஏத்தும். அந்தக் கட்டத்துல ஒரு கிலோ ஏற அஞ்சு கிலோ வரைக்கும் தீவனம் போகும், 30 ரூபா தீவனம்னா அந்த ஒரு கிலோவுக்கு மட்டும் 150 ரூபா. பண்டிகை வெலை அதுக்கு மேல நிக்குமான்னு வியாபாரி கிட்ட இப்பவே பேசுங்க. கிறிஸ்துமஸுக்குத்தான் விக்கணும்னா ரெண்டு மாசக் குட்டியை மே, ஜூன்ல எறக்குங்கன்னு அண்ணன் கிட்ட சொல்லுங்க, டிசம்பர்ல 90 கிலோவுக்கு வந்து நிக்கும்.

கேள்வி: மத்தியானம் பன்னிக்கு மூச்சு வாங்குது, தீனியும் கொறைஞ்சுபோச்சு. நோயா சார்?

பதில்: காய்ச்சல் இருக்கான்னு டாக்டரை வச்சுப் பாத்துக்கங்க. இல்லைன்னா வெயில்தான். பன்னிக்கு வேர்த்து உடம்பு ஆறாது, மத்தியானம் ரெண்டு தடவை ஓஸ் புடிச்சு மேல தண்ணி அடிங்க, தீனியை காலைல வெள்ளனவும் பொழுது சாஞ்சும் வைங்க.