கூட்டத்தோடு ஒரு கணக்கு வித்தை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் 120 பிள்ளைகளை வைத்து 1089 வித்தை செய்து காட்டினேன். மூன்று இலக்க எண்ணைத் திருப்பிப் போட்டுக் கழித்து, வந்ததைத் திருப்பிப் போட்டுக் கூட்டச் சொன்னேன். எல்லோருக்கும் 1089 வர வேண்டும், ஆனால் பாதிப் பேருக்கு வேறு விடை. எங்கே தவறுகிறது?
– ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: வித்தையில் பிழை இல்லை டீச்சர், கழித்தலில்தான் சிக்கல். 742-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 742-லிருந்து 247 போனால் 495. அதோடு 594-ஐக் கூட்டினால் 1089. இதில் ஒன்றாம் இடத்துக்கு ஒரு தடவை கடன் வாங்குகிறோம், பத்தாம் இடத்துக்கு இன்னொரு தடவை. முதலும் கடைசியும் வேறான எந்த எண்ணை எடுத்தாலும் இந்த இரண்டு கடனும் தப்பாது. மேலும் கீழும் நடு இலக்கம் ஒன்றே என்பதால், கடன் கொடுத்தபின் பத்தாம் இடத்தில் எப்போதும் ஒன்று குறைந்துதான் நிற்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தடுமாறுகிற அதே இடத்தில்தான் இந்த வித்தை உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் மூன்று ஓட்டைகள் உண்டு. 454 மாதிரி எடுத்தால் கழித்ததும் பூச்சியம். 463 மாதிரி, முதலுக்கும் கடைசிக்கும் ஒன்றே வித்தியாசம் என்றால் 99 வரும். அதை 099 என்று எழுதாமல் 99-ஐத் திருப்பினால் மறுபடி 99, கூட்டினால் 198. மூன்றாவது, 247-ஐ நினைத்த பிள்ளை அதையே மேலே எழுதி 742-ஐக் கழிக்கப் பார்க்கும்.

ஆகவே சொல்லும் முறையை மாற்றுங்கள். “மூணு இலக்கமும் வேற வேற. பூச்சியம் வேண்டாம். முதலுக்கும் கடைசிக்கும் குறைஞ்சது ரெண்டு வித்தியாசம் இருக்கணும்.” எழுதி முடிக்கும்வரை அடுத்த வரி பேசக்கூடாது. பிறகு, “திருப்பிப் போடுங்க. பெரிய எண்ணு மேல, சின்ன எண்ணு கீழ. பக்கத்துல உள்ளவங்க தாளை ஒருக்கா பாத்துக்கிடுங்க.” வெறுந்தாள் கொடுக்காமல், வரிசைக்கு மூன்று கட்டம் போட்ட துண்டுத்தாள் கொடுங்கள். ஏ4 தாளை எட்டாக வெட்டினால் 120 பேருக்கு 15 தாள் போதும்.

கழித்தபின் நிறுத்துங்கள். “உங்க எல்லார் தாள்லயும் நடுவுல 9 இருக்கு. இல்லாதவங்க கை தூக்குங்க” என்று கேளுங்கள். சபைக்கு அதுவே ஒரு சின்ன வித்தை, உங்களுக்கோ தப்பாகக் கழித்தவர்களைப் பிடிக்கும் வலை. தூக்கியவர்களுக்கு ஒரு நிமிடம் கொடுத்துத் திருத்த விடுங்கள்.

என்னைக் கேட்டால், கூட்டலுக்கே போக வேண்டாம். கழித்து வந்த எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் கேளுங்கள். ஓரத்து இரண்டு இலக்கங்களும் சேர்ந்து 9. கடைசி 7 என்றால் முதல் 2, எண் 297. கடைசி 4 என்றால் 594. பத்துப் பிள்ளைகளை எழுப்பிக் கேட்டால் வெவ்வேறு விடைகள் சொல்லலாம், கூட்டமும் விழித்திருக்கும். 1089 எல்லோருக்கும் ஒரே விடை என்பதால், ஒரு பள்ளியில் ஒரே ஒரு தடவைதான் செல்லும்.

கேள்வி: பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கும் ஐந்து அட்டை வித்தைக்கு அட்டை எப்படித் தயாரிப்பது? மகள் மேடையில் செய்ய ஆசைப்படுகிறாள்.
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அட்டைகளின் மதிப்பு 1, 2, 4, 8, 16. ஒவ்வொரு தேதியையும் இவற்றின் கூட்டாகப் பிரித்து, அந்தந்த அட்டைகளில் எழுத வேண்டும். 22 என்றால் 16, 4, 2 ஆகிய மூன்று அட்டைகளில் மட்டும். அட்டைக்குச் சரியாக 16 எண்கள் வரும், நான்குக்கு நான்கு கட்டம்.

1: ஒற்றைப்படை எண்கள் எல்லாம்
2: 2, 3, 6, 7, 10, 11, 14, 15, 18, 19, 22, 23, 26, 27, 30, 31
4: 4–7, 12–15, 20–23, 28–31
8: 8–15, 24–31
16: 16–31

எழுதியதும் சரிபார்க்க: 31 ஐந்திலும் இருக்க வேண்டும். 1, 2, 4, 8, 16 ஒவ்வொன்றும் ஒரே ஓர் அட்டையில்தான். ஓர் எண் விட்டுப்போனாலும் அந்தத் தேதிக்காரர் வரும்போது மானம் போகும்.

வழக்கமாக, தேதி உள்ள அட்டைகளின் முதல் கட்டத்து எண்களை மனதுக்குள் கூட்டுவார்கள், அந்தக் கூட்டுதான் தேதி. முன்வரிசைச் சுட்டிகள் அதைச் சீக்கிரம் பிடித்துவிடும். கீழ் இரண்டு வரிசைகளை மேலே தூக்கிப் போட்டு, மதிப்பை நிறத்தில் ஒளித்துவிடுங்கள்: வெள்ளை 1, மஞ்சள் 2, பச்சை 4, நீலம் 8, சிவப்பு 16. முழுச் சார்ட்டில் இரண்டு அங்குல எழுத்தாக எழுதி, ஐந்து பிள்ளைகள் கையில் கொடுங்கள். மகள் முதுகைக் காட்டி நிற்கட்டும். பிறந்த தேதிக்காரர் தன் தேதி உள்ள அட்டைக்காரரின் தோளைத் தொட, அவர் நிறத்தைக் கூவ வேண்டும். “மஞ்சள், பச்சை, சிவப்பு” என்றால் 22. ஓர் அட்டையை அவர் பார்க்காமல் தாண்டினால் விடை கெடும். தேதி தெரிந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள்.

ஆங்கிலத் தேதி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் மாதத்தில் 32-ஆம் தேதியும் வருவதுண்டு, அதற்கு ஆறாவது அட்டை வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்தின் கையில் தாளும் இருக்காது, பேனாவும் இருக்காது. என்ன செய்யலாம் அண்ணாச்சி?
– கல்லூரி மாணவர், திசையன்விளை

பதில்: மாயச் சதுரம் போடுங்க தம்பி, எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரும் கட்டம். எழுதுவது நீங்கள் ஒருவர்தான், கூட்டம் கூட்டிப் பார்த்தால் போதும். 34-க்கும் 60-க்கும் இடையே ஓர் எண் கேளுங்கள். சொன்ன எண்ணை முதலில் போர்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கி எதிரொலியில் நாப்பத்தாறா, நாப்பத்தேழா என்று தகராறு வரும். 46 என்றால்:

8 – 11 – 26 – 1
25 – 2 – 7 – 12
3 – 28 – 9 – 6
10 – 5 – 4 – 27

1 முதல் 12 வரை எப்போதும் அதே இடம், அதை மனப்பாடம் செய்யுங்கள். மாறுவது நான்கு கட்டங்கள்தான்: சொன்ன எண்ணில் 20 குறைத்தது முதல் வரிசையிலும், 21 குறைத்தது இரண்டாவதிலும், 18 மூன்றாவதிலும், 19 நான்காவதிலும். வரிசை, நெடுக்கு, மூலைவிட்டம், நான்கு மூலைகள், எல்லாம் 46.

34-க்குக் கீழே போனால் ஒரே எண் இரண்டு இடத்தில் வந்துவிடும். 60-க்கு மேலே போனால் அந்த நான்கு மட்டும் துருத்திக்கொண்டு தெரியும், குட்டு உடையும். நான்கையும் தொடர்ந்து எழுதாதீர்கள், மற்ற எண்களுக்கு நடுவே கலந்து எழுதுங்கள். பிறகு பெண்கள் பக்கம் வரிசைகளையும், ஆண்கள் பக்கம் நெடுக்குகளையும் கூட்டட்டும். மூலைகளைக் கடைசிக்கு வையுங்கள், அதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: ரூபாய் நோட்டின் எண்ணை 9-ஆல் பெருக்கி, ஓர் இலக்கத்தை மறைத்தால் சொல்லிவிடுவேன். சில நேரம் தப்புகிறதே?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பூச்சியத்தை மறைத்திருப்பார்கள். 482713-ஐ 9-ஆல் பெருக்கினால் 4344417. 3-ஐ மறைத்தால் மீதி இலக்கங்களின் கூட்டு 24, அடுத்த 9-இன் மடங்கு 27, ஆக 3. ஆனால் மீதிக் கூட்டே 18, 27 என்று வந்துவிட்டால் மறைந்தது 0-வா 9-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. மறைக்கும் இலக்கத்தை வட்டமிடச் சொல்லும்போது, “பூச்சியம் ஏற்கெனவே வட்டமா இருக்கு, அதைச் சுத்தி வட்டம் போடாதீங்க” என்று விளையாட்டாகச் சொல்லிவையுங்கள். பிறகு அந்த நிலையில் விடை 9-தான். பெருக்கலை போன் கால்குலேட்டரில் செய்யச் சொல்லுங்கள், கையால் வேண்டாம்.