திருட்டு முழி

அன்புள்ள அம்மா,

வணக்கம். பல வருடங்களாக உங்களை வாசிக்கிறேன், இதுவரை எழுதியதில்லை. முதல் கடிதமே நாயைப் பற்றி என்பதில் கொஞ்சம் கூச்சம்தான். எங்கள் வீட்டில் 11 மாத லாப்ரடார் ஒன்று இருக்கிறது. வாரம் மூன்று நாள் வரும் ட்ரெய்னர் இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் போட்டுச் சுண்டி இழுத்துப் பழக்குகிறார். நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டுமாம். கல்லூரியில் படிக்கும் மகள் அதைப் பார்த்து அழுகிறாள், கிளிக்கரும் பிஸ்கட்டும் போதும் என்கிறாள். என் அப்பாவோ, "பிஸ்கட் கொடுத்து வேலை வாங்குவது லஞ்சம். அடிதான் நம் பாரம்பரிய முறை, அடியாத மாடு படியாது" என்கிறார்.

என் குழப்பம் வேறு. மாலை நான் வேலை முடிந்து வரும்போது செருப்பு குதறிக் கிடக்கும். நாய் காதை மடக்கி, வாலைச் சுருட்டி, கட்டிலுக்கு அடியில் போய் முழிக்கும். செய்தது தப்பு என்று அதற்குத் தெரிகிறது அல்லவா? தெரிந்தே செய்வதை அடிக்காமல் எப்படித் திருத்துவது? எந்த முறை சரி என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
க., கோவை

அன்புள்ள க.,

நான் கால்நடை மருத்துவரும் இல்லை, ட்ரெய்னரும் இல்லை. வெறுமனே எந்த முறை சரி என்று மட்டும் கேட்டிருந்தால் பதில் போட்டிருக்க மாட்டேன். கட்டிலுக்கு அடியில் போய் முழிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் இரண்டு நாளாக என்னை விடவில்லை. அந்த முழியை எனக்குத் தெரியும்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். லஞ்சம் என்கிறார் உங்கள் அப்பா. வேலைக்கு முன்னால் கையில் திணிப்பது லஞ்சம், வேலை முடிந்தபின் கொடுப்பது கூலி. அவர் வாழ்நாளில் ஒரு மாதமாவது சம்பளம் வாங்காமல் வேலைக்குப் போயிருக்கிறாரா என்று கேளுங்கள். மகள் சொல்லும் கிளிக்கர் ஒன்றும் மந்திரப்பெட்டி அல்ல. சரியாகச் செய்த அந்த நொடியைச் சுட்டிக்காட்டும் ஒரு சத்தம், அவ்வளவுதான். நாக்கைச் சொடுக்கினாலும் போதும்.

அப்புறம் இந்தத் தலைவன் கதை. 1947ல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் ஒரே அடைப்புக்குள் போட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது அது. அந்தக் கருத்தைத் தன் புத்தகத்தின் மூலம் ஊரெல்லாம் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், பிற்பாடு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் வருடக்கணக்காகக் காட்டு ஓநாய்களைக் கூடவே இருந்து பார்த்தார். ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள குடும்பம், அதில் பதவிச் சண்டை போட்டு வந்த தலைவன் என்று யாரும் இல்லை என்று 1999ல் அவரே எழுதினார். கோவையில் உங்கள் ட்ரெய்னருக்கு இன்னும் தகவல் வரவில்லை போலிருக்கிறது.

ஆனால் 'நம் பாரம்பரிய முறை' என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எந்தப் பாரம்பரியம்? சுண்டி இழுத்து, வலிக்கவைத்து, அடங்கியதும் விடுகிற இந்தப் பயிற்சியைக் கையேடாக எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கான்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மன் போலீஸ் அதிகாரி. வருடம் 1910. அதன்பின் போலீஸ் நாய்களும் ராணுவ நாய்களும் பழகிய முறை அது. உங்கள் அப்பாவுக்குப் பாரம்பரியம் வேண்டுமானால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்குக் கூட்டிப் போங்கள். மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று அங்கே இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். அடியாத மாடு படியாது என்று சொன்ன அதே ஊர்தான் ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்றும் சொன்னது. நமக்கு எப்போதும் முதல் பழமொழிதான் வாயில் வரும்.

சரி, முழிக்கு வருகிறேன்.

2009ல் நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 வீட்டு நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். நாயின் முன்னால் தின்பண்டத்தை வைத்து, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, வளர்ப்பவர் அறையைவிட்டு வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும் நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். சில தடவை வேண்டுமென்றே பொய் சொல்வார்கள். தின்றது என்று சொன்னால் அவர் திட்ட வேண்டும். நீங்கள் பார்த்த அந்த முகம் எப்போது வந்தது தெரியுமா? தின்றதற்கும் தின்னாததற்கும் அதில் வித்தியாசமே இல்லை. திட்டு விழுந்தபோது வந்தது. அதிலும் ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாகத் தெரிந்தது.

இந்த இடத்தை இன்னொரு தடவை படியுங்கள், க. ஒன்றும் செய்யாத நாயிடம்தான் அதிகம். திட்டாமலே முழிக்கிறதே என்பீர்கள். ஏற்கெனவே சில மாலைகள் திட்டியிருப்பீர்கள் அல்லவா? காலை 11 மணிக்குக் கடித்த செருப்பையும் மாலை 6 மணிக்கு விழுகிற அடியையும் நாயால் முடிச்சுப் போட முடியாது. அது முடிச்சுப் போடுவது வேறு இரண்டை. கேட் திறக்கிற சத்தம், நீங்கள்.

எனக்கு இதைச் சொல்ல ஒரு ஆராய்ச்சியும் வேண்டியிருக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு நாய் இருந்தது. அப்பா பருத்திக்காட்டுக்குப் போனால் அதுவும் கூடவே போகும். "தோ தோ" என்று ஒரு குரல் கொடுத்தால் ஓடை தாண்டிப் பறந்து வரும். ஒருநாள் சாயங்காலம் அப்பத்தாவின் அடைக்கோழி செத்துக் கிடந்தது. கழுத்தில் ரத்தம், வாசலெல்லாம் இறகு. அப்பா தார்க்கம்பைத் தரையில் தட்டி, "ஏலே செவலை, இங்க வா" என்றார். அது வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது. காது மடங்கி, வால் காலிடுக்கில். பயத்தில் கொஞ்சம் மூத்திரமும் விட்டது.

"முழியைப் பாருங்கப்பா, இதுதான் செஞ்சிருக்கு" என்று முதலில் சொன்னது நான்.

எத்தனை அடி விழுந்தது என்று எண்ணவில்லை. செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டி இரண்டு நாள் அலையவிட்டார்கள். அதுதான் கோழி கடிக்கிற நாய்க்கு வைத்தியம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நாள் வெயிலில் அது நாறியபோது அப்பத்தாவே அறுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கீரி இன்னொரு கோழியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு போவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என்னைக்காவது விழ வேண்டிய அடிதான்" என்றார். அதன்பின் செவலை அவர் கூப்பிட்டால் வரும். பத்தடி தள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் ஓரடி வைத்தால் அது ஓரடி பின்னால் போகும். கொஞ்ச நாளில் அப்பா சோற்றை வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைக்கப் பழகிக்கொண்டார். அப்போதுதான் அது வந்து தின்னும். அது செத்துப் போகிறவரை அப்படித்தான்.

நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, இல்லையா? ட்ரெய்னரை நிறுத்துங்கள். மகள் கையில் நாயைக் கொடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் நடக்கவிட்டு, கடிக்க ஏதாவது போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். 11 மாத நாய் பகல் முழுக்க வெறும் வீட்டில் வேறு என்ன செய்யும்? செருப்பைக் கதவு போட்ட அலமாரிக்குள் வையுங்கள். இதைச் சொல்லவா எனக்குக் கடிதம்!

சந்தேகம் தீரவில்லையென்றால், செருப்பு முழுசாக இருக்கும் ஒரு நாளில், அதே குரலில் "யார் செஞ்சது?" என்று கேட்டுப் பாருங்கள், அதே முழி வரும் என்று எழுதி வைத்திருந்தேன். வேண்டாம், க. கேட்காதீர்கள்.